வாடகை வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் ரூபாய்க்குள் தோட்டம்: முதல் தடவை போடுபவர்களுக்கு

குரோம்பேட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். முதல் தடவை மாடித்தோட்டம் போட்டபோது 4,300 ரூபாய் செலவானது. நான்கு மாதத்தில் பறித்தது ஏழு வெண்டைக்காய், கொஞ்சம் புதினா. தக்காளிச் செடி ஆள் உயரம் வளர்ந்தது, பூவெல்லாம் கொட்டியது, ஒரு காய் கூடப் பிடிக்கவில்லை. வீட்டில் இன்றைக்கும் அந்த வெண்டைக்காயை ‘அறுநூறு ரூபாய் வெண்டைக்காய்’ என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த வருடம் 960 ரூபாயில் மறுபடி தொடங்கினேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் கீரை மாடியிலிருந்துதான் வருகிறது. இரண்டு தடவைக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். சென்னை வெயிலையும் மழையையும் வைத்து எழுதியது. கோவை, நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் மாதக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். விலையெல்லாம் நான் கொடுத்தது, உங்கள் ஏரியாவில் பத்து இருபது கூடக் குறைய இருக்கும்.

1. வாங்கக் கிளம்பாதீர்கள், ஒரு சனிக்கிழமை மாடியில் நில்லுங்கள்

நர்சரிக்குப் போனால் கை சும்மா இருக்காது. அதனால் முதலில் மாடிக்குப் போங்கள். காலை எட்டு, பதினொன்று, மதியம் இரண்டு, நான்கு என்று நான்கு தடவை ஏறி, எந்த இடத்தில் வெயில் விழுகிறது, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிடுங்கள். காய் காய்க்கிற செடிகளுக்கு (கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி) ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். புதினாவும் கற்பூரவல்லியும் அதற்குக் குறைவாகக் கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

மாடி இல்லை, பால்கனிதான் இருக்கிறது, அதிலும் இரண்டு மணி நேர வெயில்தான் என்றால் தக்காளி ஆசையை விட்டுவிடுங்கள். புதினா, கற்பூரவல்லி, வெற்றிலைக் கொடி, பொன்னாங்கண்ணி இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டால் செடிச் செலவு நூறைத் தாண்டாது.

2. வீட்டு ஓனரிடம் முதலில் பேசிவிடுங்கள், வாட்ஸப்பில் ஒரு வரியும் வாங்கிவிடுங்கள்

இதை நான் செய்யவில்லை. பன்னிரண்டு பைகளில் மண் நிரப்பி முடித்த பிறகுதான் ஓனர் மேலே வந்து பார்த்தார். ‘தளம் ஓதம் வாங்கிடும் சார்’ என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றிய 20 லிட்டர் வாளி 20 கிலோவுக்குக் குறையாது, அதை நேராகத் தரையில் வைத்தால் அடியில் ஈரம் காயவே காயாது.

போய்க் கேட்கும்போதே இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். தொட்டிகளை நடுத் தளத்தில் வைக்காமல், கீழே பீம் போகிற சுவர் ஓரமாக வைப்போம். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைப்போம், காற்று போகும். மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயை அடைக்க மாட்டோம். அவர் ‘சரி’ என்றதும் கீழே வந்து, ‘நீங்கள் சொன்னபடி மாடியில் கிழக்குச் சுவர் ஓரம் எட்டு தொட்டி வைத்துக்கொள்கிறோம், நன்றி சார்’ என்று ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் ஒரு கட்டைவிரல் அனுப்பினால் போதும். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்ற பேச்சு வந்தால் உங்களிடம் இருக்கிற ஒரே காகிதம் அதுதான். வைக்கும் முன்னால் தளத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருந்த விரிசல் நம் தலையில் விழாமல் இருக்கும்.

3. 960 ரூபாய்க் கணக்கு

பெயிண்ட் வாளி (20 லிட்டர்) ஆறு, ஐம்பது வீதம் 300. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி மூன்று, 60. செம்மண் இரண்டு சிமெண்ட் சாக்கு, 120. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) 5 கிலோ கட்டி ஒன்று, 180. மக்கிய மாட்டு எரு 20 கிலோ, 160. விதைப் பாக்கெட் நான்கு, 80. வேப்பெண்ணெய் 100 மில்லி, 60.

இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். பூவாளி இல்லை, தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டால் அதுவே பூவாளி. கைக்களைக்கொத்து செட் இல்லை, பழைய கரண்டி இருக்கிறது. கையுறை, ஸ்டாண்டு, பெயர்ப் பலகை எதுவும் வேண்டாம். முதல் தடவை இந்தச் சாமான்களுக்கே 650 ரூபாய் கொடுத்தேன். அந்தக் குட்டி மண்வெட்டியின் கைப்பிடி மூன்றாவது வாரமே கையோடு வந்துவிட்டது.

பணம் இன்னும் இறுக்கமா? வாளிகளையும் வேப்பெண்ணெயையும் விட்டுவிட்டுப் பெட்டி, மண், எரு, கட்டி, ஒரே ஒரு கீரை விதைப் பாக்கெட் என்று 540-இல் தொடங்கலாம். வாளியை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

4. தொட்டி

பெயிண்ட் வாளி காயலான் கடையில் கிடைக்கும், தெருவில் எங்காவது வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறார்கள் என்றால் மேஸ்திரியிடம் கேளுங்கள், சில சமயம் சும்மாவே கொடுத்துவிடுவார். தண்ணீரில் கரைக்கிற சுவர் பெயிண்ட் இருந்த வாளியாகப் பார்த்து வாங்குங்கள். தின்னர் வாடை அடிப்பதும், கெமிக்கல் வந்த டிரம்மும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் பெயிண்ட் தோலை வெயிலில் ஒரு நாள் காயவைத்தால் அப்பளம் மாதிரி உரிந்து வரும்.

ஓட்டை போடுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அடியில் மட்டும் இரண்டு ஓட்டை போட்டால் வேர் போய் அடைத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் வாளி குளமாகிவிடும். பழைய ஸ்க்ரூ டிரைவரை நெருப்பில் காய்ச்சி அடியில் ஐந்து, பக்கவாட்டில் அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் சுற்றிலும் நான்கு என்று போடுங்கள். இதைச் சமையலறையில் செய்ய வேண்டாம், அந்தப் புகை நல்லதில்லை. மாடியிலேயே காற்றோட்டமாக நின்று செய்யுங்கள்.

தெர்மாகோல் மீன் பெட்டியை மீன் மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் போய்க் கேட்டால் இருபது ரூபாய்க்குத் தருவார்கள். எடையே இல்லை, சென்னை வெயிலில் பிளாஸ்டிக் தொட்டி கொதிக்கிற மாதிரி இது கொதிக்காது, கீரைக்கு இதைவிட நல்ல தொட்டியை நான் பார்க்கவில்லை. வாடை போக இரண்டு நாள் வெயிலில் போட்டுக் கழுவுங்கள். பூனை வந்து பார்க்கும், ஏமாந்து போய்விடும்.

அரிசிச் சாக்கிலும் வளர்க்கலாம்தான். ஆனால் வெயில் பட்டு ஆறேழு மாதத்தில் நூல் நூலாகப் பிரிந்து மாடி முழுக்கப் பறக்கும். ஓனர் மேலே வருகிற அன்றைக்குப் பார்த்துப் பறக்கும்.

தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு வரும், டெங்கு சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

5. மண், இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அள்ளிய மண் வேண்டாம், சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். நர்சரியில் செம்மண் என்று கேட்டு வாங்குங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு செடியும் விற்பார்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு நடை போய்விட்டு வரலாம். ‘ரெடிமேட் கலவை’ என்று மூட்டையாக விற்பதை வாங்கினால் மூன்று மடங்கு செலவு. எனக்குக் கிடைத்த மூட்டையில் பாதிக்கு மேல் வெறும் கோகோபீட்.

அந்தக் கோகோபீட் கட்டியில்தான் என் முதல் தோட்டம் தோற்றது என்று இப்போது நினைக்கிறேன். தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகி, செடி வளராமல் நிற்கும், நாமும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம். கட்டியைப் பெரிய டப்பில் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் விரிசல் விட்டு, பொருபொருவென்று உப்பி டப்பை நிறைத்துவிடும். ஐந்து கிலோ கட்டி அறுபது லிட்டருக்கு மேல் வரும். பழைய வேட்டியில் அள்ளிப் பிழிந்தால் வடிகிற தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்தில் இருக்கும். மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். மூன்றாவது தடவை வெளிறிய டீ நிறத்துக்கு வந்தால் போதும்.

அப்புறம் செம்மண் ஒரு பங்கு, பிழிந்த கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிமண்ணாகப் பிசுபிசுத்தால் இன்னும் கோகோபீட் சேருங்கள். எரு மக்கியதா என்பதை மோந்து பாருங்கள், சாண வாடை இருந்தால் இன்னும் ஆகவில்லை, செடி வேரைச் சுட்டுவிடும். உங்கள் பகுதியில் உள்ளாட்சியின் நுண் உரக்கூடம் (குப்பையை உரமாக்கும் இடம்) இருந்தால் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள், எங்கள் பக்கம் குறைந்த விலைக்கு உரம் கொடுத்தார்கள்.

கலவையை நிரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அந்த ஒரு வாரத்தில் விதை வேலையை முடிக்கலாம்.

6. அரசுத் தொகுப்பு: என்ன கிடைக்கும், என்ன கொண்டுபோக வேண்டும்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கிறது. நான் வாங்கியபோது 900 ரூபாய்த் தொகுப்பு பாதி மானியம் போக 450. ஆறு வளர்ப்புப் பை, இரண்டு கிலோ நார்க்கட்டி ஆறு, ஆறு வகைக் காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா (இரண்டும் நுண்ணுயிர் உரம்), டிரைக்கோடெர்மா விரிடி (வேர் அழுகலைத் தடுக்கும் பூஞ்சை), வேம்பு சார்ந்த பூச்சி மருந்து, ஒரு கையேடு. ஒருவருக்கு இரண்டு தொகுப்பு வரை கொடுத்தார்கள். கட்டி ஒன்றே கடையில் என்ன விலை என்று பார்த்தால் கணக்கு புரியும்.

ஆனால் மானியமும் விலையும் வருடத்துக்கு வருடம் மாறும், நிதி வந்த பிறகுதான் இருப்பு வரும். நான் ஒரு தடவை பதிவும் செய்யாமல், போனும் பண்ணாமல், பாதி நாள் லீவு போட்டுப் போய் நின்றேன், இருப்பு இல்லை. தப்பு என்னுடையதுதான். துறையின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், பிறகு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போன் பண்ணி, வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கையில் ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, சில்லறையாகப் பணம். ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான் இருக்கிறது என்றால் வாடகை ஒப்பந்த நகலையோ கேஸ் ரசீதையோ சேர்த்து எடுத்துப் போங்கள், கேட்டாலும் கேட்பார்கள், வீண் நடை மிச்சம். வாங்கிய கையோடு விதைப் பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

தொகுப்பு வரும் என்று விதைப்பைத் தள்ளிப் போடாதீர்கள். கீரையை இன்றைக்கே தூவலாம்.

7. விதை: பாதி உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது

வெந்தயத்தை ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் நான்காம் நாள் முளைக்கும், இருபது இருபத்தைந்து நாளில் கீரை. கொத்தமல்லியை உருட்டி இரண்டாக உடைத்து ஊறவைத்துப் போடுங்கள், முளைக்கப் பத்து நாள் ஆகும், செத்துவிட்டது என்று நினைத்து நான் ஒரு தடவை கிளறிவிட்டேன். சந்தையில் வாங்கிய புதினாவிலும் பொன்னாங்கண்ணியிலும் இலையைக் கிள்ளிவிட்டு, தண்டை நான்கு விரல் நீளம் வெட்டிச் சாய்த்து நட்டால் வேர் பிடிக்கும். கற்பூரவல்லிக்கு ஒரு கிளை பக்கத்து வீட்டில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டியது சிறுகீரை, அரைக்கீரை, வெண்டை, கத்தரி. நாட்டு ரகம் என்று கேளுங்கள். வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகத்தில் விதை எடுத்து அடுத்த தடவை போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். ரோஸ், நீலம் என்று சாயம் பூசிய விதை மருந்து கலந்தது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, தொட்டால் கையைக் கழுவுங்கள்.

கீரை விதை கடுகைவிடப் பொடியாக இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும், ஒரு ஸ்பூன் விதைக்கு ஒரு கை மணல் கலந்து தூவி, மேலே லேசாக எரு தூவிவிடுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகும். பெட்டி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவிட்டால் அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் மூன்று மாதம் கீரை, அப்புறம் வெண்டை, அப்புறம் கத்தரி மிளகாய், கடைசியாகத் தக்காளி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும், அரைக்கீரையை நறுக்க நறுக்கத் துளிர்க்கும். முதல் மாதத்திலேயே ஒரு கூட்டுக்கு ஆகும் அளவு பறித்தால்தான் அடுத்த மாதம் மாடி ஏறக் கால் வரும்.

8. எந்த மாதம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடியில் போட்ட வெண்டை நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கி, பெருமழைக்கு முன்னால் பாதி மகசூலைக் கொடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக எதையும் தூவ வேண்டாம், கீரை மழையில் அடிபட்டு அழுகும், போட்ட எருவும் கரைந்து போய்விடும். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் ஒன்றும் இருக்கக் கூடாது, வாளிகளைச் சுவரோடு நெருக்கி வையுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் இரண்டாவது நல்ல பருவம். தக்காளி போட ஆசைப்படுகிறவர்கள் மார்கழிக் கடைசியில் நாற்று விடுங்கள். என் தக்காளி பூ கொட்டியதற்குக் காரணம் மாசிக் கடைசியில் விதைத்ததுதான், பூக்கிற நேரம் கத்திரி வெயில் வந்துவிட்டது, அந்தச் சூட்டில் பூ நிற்காது.

சித்திரை, வைகாசியில் பச்சை வலை வாங்கக் காசு இல்லையென்றால் பழைய பருத்திப் புடவையைக் கொடிக்கயிற்றில் கட்டிப் பதினொன்றிலிருந்து நான்கு வரை நிழல் கொடுங்கள். பட்டுப்போகாமல் இருந்தாலே அந்த இரண்டு மாதத்துக்கு லாபம்.

9. தண்ணீர்

விரலை மண்ணில் இரண்டு கணு விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் செடியைக் காயவிட்டுக் கொல்வதைவிட ஊற்றியே கொல்வதுதான் அதிகம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது மிச்சம் பிடிப்பது மாதிரித் தெரியும், ஆனால் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, தொட்டிக்கு வேண்டாம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் இரண்டும் ஊற்றலாம்.

10. பூச்சியும் உரமும், காசில்லாமல்

மாவுப்பூச்சி ஒன்றிரண்டு இருக்கும்போதே பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, எண்ணெய் கரைய சோப்புக் கரைசல் சில துளி, நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் தெளிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாகி வலை மாதிரித் தெரிந்தால் அது நச்சுயிரி, மருந்து கிடையாது. வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன்னால் பிடுங்கிவிடுங்கள். மனசு வராது, பிடுங்குங்கள்.

உரத்துக்கு இன்னும் இரண்டு வாளி தேடுங்கள். சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலைச் சருகு அதே அளவு அல்லது அதைவிடக் கூடுதல், கொஞ்சம் புளித்த மோர், மூடி. ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் போடுங்கள், நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் கறுப்பாகி மண் வாசனை வரும். சமைத்த சாதமும் மீன் முள்ளும் வேண்டாம், எலி வரும். நடுவில் ஒரு நாள் மூடியைத் திறந்தால் விரல் நகம் நீளத்தில் தடித்த புழுக்கள் நெளியும். நான் அலறிக்கொண்டு மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். அவை கறுப்புப் படைவீரன் ஈ (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) என்ற ஈயின் புழுக்கள், கடிக்காது, கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடித்துத் தருபவை. பிடிக்கவில்லை என்றால் இரண்டு கை சருகு கூடப் போட்டு மூடிவிடுங்கள்.

முதலில் போட்ட வெண்டைச் செடிகளில் நன்றாகக் காய்த்தது எது என்று பார்த்து, அதில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள், முற்றிக் காய்ந்து வெடிக்கும். அதற்குள் நிறைய விதை இருக்கும். நிழலில் காயவைத்து, கொஞ்சம் சாம்பலில் புரட்டி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வீட்டில் யாராவது அந்தக் காயைச் சாம்பாருக்குப் பறித்துவிடாமல் இருக்க அதில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு தடவை பறித்துவிட்டார்கள்.